சீறாவுடன் ஓராண்டு

ஓராண்டுக்குள் இத்தனை நூல்களைப் படித்து முடிப்பேன் என ஒருவர் தமக்குத் தாமே இலக்கு வகுத்துக்கொண்டு முயல்வதை இக்காலத்தார் ‘வாசிப்பு அறைகூவல்’ என்று வழங்குகின்றனர். ஐம்பது நூல் என்பார் உளர். நூறு என்பாரும் உளர். ஆண்டிறுதியில் தாம் படித்தவற்றைப் பட்டியலிட்டு நண்பர்க்கு அறிவிப்பதும் வழக்கமாகியுள்ளது. பெயர் புதிதாயினும் செயல் புதிதன்று. சைவ அன்பர்கள் திருவாசகத்தை ஒரே அமர்வில் முற்றோதுகின்றனர். இராமகாதையை நாள்தோறும் பகுத்துப் பாராயணம் செய்யும் இல்லங்களும் உள. நம் இல்லங்களிலோ ரமலான் பிறை தென்பட்டதும் பெரியவர்கள் திருக்குர்ஆனை முதலிலிருந்து எடுத்து, மாதம் நிறைவதற்குள் ‘கத்தம்’ செய்வதை நாம் சிறு பருவத்திலிருந்தே கண்டு வந்துள்ளோம்.

திருமறையை ஓதுவதற்கென ஏற்பட்ட பகுப்புமுறை ஈண்டு நினைவுகூரத்தக்கது. அத்தியாயங்கள் 114. அவை பொருளால் அமைந்தவை. நீளத்தில் ஒன்றற்கொன்று பெரிதும் வேறுபடுபவை. நாள்தோறும் ஓதுவதற்கு அவை ஒத்துவாரா என்பதனால் முழுமறையும் ஏறத்தாழச் சம அளவுள்ள முப்பது ‘ஜுஸ்வு’களாகவும் பகுக்கப்பெற்றுள்ளது. ஒரு வாரத்தில் முடிப்பார்க்கு ஏழு ‘மன்ஸில்’கள் உள. இரண்டாம் அத்தியாயமாகிய ‘அல்பகரா’ மூன்று ஜுஸ்வுகளில் பரந்து கிடக்கின்றது. இறுதி ஜுஸ்வு ஒன்றிலோ 37 அத்தியாயங்கள் அடங்கிவிடுகின்றன. பொருளால் ஒரு பகுப்பு, ஓதுவார் வசதிக்காக ஓர் அளவுப் பகுப்பு என இரண்டும் ஒரே நூலில் அருகருகே நிற்பதன் பயனை நாம் கடந்த ஆண்டுதான் உணர்ந்தோம். அதுவும் வேறொரு நூலைப் படிக்கப் புகுந்து, இடறி விழுந்த பின்னரே உணர்ந்தோம்.

அந்நூல் உமறுப்புலவரின் சீறாப்புராணம்.

வகுப்பறையில் ஒரு வினா

இக்கட்டுரையைப் படிக்கும் மாணவர்கள் நம்மை மன்னிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. நாம் இளமுனைவர்ப் பட்டத்திற்கு ஆய்ந்தது சீறாப்புராண உவமைகளையே. அதன்பின் ஆண்டுதோறும் ‘மானுக்குப் பிணை நின்ற படல’த்தின் பாடல்களைப் பகுதி ஒன்று தமிழ் மாணவர்க்கு நடத்தி வந்தோம். அவ்வாறிருந்தும் அந்நூலை முதற்பாடல் தொடங்கி இறுதிப்பாடல் வரை நாம் படித்ததில்லை. ஆய்வுக்காகப் புரட்டியபோது ‘போல’, ‘அன்ன’, ‘என’ என்னும் உருபுகளைத் தேடி ஏடுகளை மேய்ந்தோம். உவமை கிடைத்த பாடல் அட்டையில் ஏறியது. கிடைக்காத பாடல் கண்ணிலேயே படவில்லை. பாடத்திற்காகப் படித்தபோதோ தொகுப்புநூலில் தந்திருந்த பாடல்களுக்கு அப்பால் போகும் தேவை எழவில்லை. இவ்விரு வகைப் பயிற்சியையும் சேர்த்து ‘நாம் சீறாவைக் கற்றவர்’ என்று நம்மையும் பிறரையும் நம்ப வைத்திருந்தோம்.

2023 டிசம்பரில், இளங்கலை வணிகவியல் இரண்டாமாண்டு வகுப்பில் மான் படலத்தை முடித்து நூலை மூடுகையில், கடைசி வரிசையில் இருந்த மாணவர் ஒருவர் எழுந்து, “ஐயா, இந்தக் காப்பியம் எதில் முடியுது?” என்று வினவினார். நாம் சற்றும் தயங்காமல், “மக்கா வெற்றியில்” என்றோம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றைப் பாடும் பெருங்காப்பியம் வேறு எதில் முடியும்? மாணவர்கள் குறித்துக்கொண்டனர். மணி அடித்தது.

அன்றிரவு ஏதோ ஓர் ஐயம் உறுத்தவே நூலின் இறுதியை எடுத்துப் பார்த்தோம். மக்கா வெற்றி அங்கு இல்லை. உறனிக் கூட்டத்தார் படலம் என்ற ஒன்றே இறுதியாக இருந்தது. அப்பெயர் அதுவரை நம் செவியில் விழுந்ததாகவே நினைவில்லை.

மறுநாள் வகுப்பில் திருத்திச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ‘நூல் முழுவதையும் படித்துவிட்டு, உரிய விளக்கத்தோடு சொல்வோம்’ என்று நமக்கு நாமே ஒரு காரணம் கற்பித்துக்கொண்டோம். அடுத்து வந்த உள்மதிப்பீட்டுத் தேர்வில் நால்வர், காப்பியம் மக்கா வெற்றியோடு நிறைவுறுவதாக எழுதியிருந்தனர். நாம் சொன்னதைத்தானே எழுதினர்? மதிப்பெண் வழங்கினோம்.

மூன்று அறைகூவல்கள்

2024 சனவரி முதல் நாளன்று நாட்குறிப்பில் மூன்று இலக்குகளை எழுதினோம். சீறாப்புராணத்தை முழுமையாகப் படித்தல் முதலாவது. நம் பாட்டியார் விட்டுச்சென்ற அறபுத்தமிழ் நூலொன்றைப் பிறர் உதவியின்றிப் படித்தல் இரண்டாவது. மாதம் ஒன்றாக, முஸ்லிம் வாழ்வைச் சித்திரிக்கும் தமிழ்ப் புதினங்கள் பன்னிரண்டினைப் படித்தல் மூன்றாவது. மூன்றாவதன் கதை சுருக்கமானது. பன்னிரண்டில் ஏழே முடிந்தன. சித்திலெப்பையின் ‘அசன்பே சரித்திர’த்தைத் (1885) தமிழ்ப் புதினத்தின் தொடக்க முயற்சிகளுள் ஒன்றென்று வகுப்பில் பலமுறை கூறியிருக்கிறோம், இவ்வாண்டுதான் அதனைக் கையில் எடுத்தோம். தோப்பில் முகமது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’யை (1988) இரண்டே இரவுகளில் படித்தோம். சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’யை (2004) நாம் முடித்த கையோடு இல்லத்தரசியார் எடுத்துக்கொண்டார், அவருடைய கருத்து நம்முடையதினும் கூர்மையானது என்பதை மட்டும் இங்குப் பதிவு செய்கிறோம். புதினம் தன்னைத்தானே படிக்கச் செய்துகொள்ளும். அறைகூவல் என்ற சொல் உண்மையில் பொருந்துவது முதலிரண்டிற்கே.

சீறாப்புராணம் மூன்று காண்டங்களை உடையது. பிறப்பைக் கூறும் விலாதத்துக் காண்டத்தில் 24 படலங்களும், நபித்துவத்தைக் கூறும் நுபுவ்வத்துக் காண்டத்தில் 21 படலங்களும், மதீனாவுக்குப் புலம்பெயர்ந்ததையும் அதன்பின் நிகழ்ந்தனவற்றையும் கூறும் ஹிஜ்ரத்துக் காண்டத்தில் 47 படலங்களும் அமைந்துள்ளன. ஆகப் படலங்கள் 92, பாடல்கள் 5027. நாம் கணக்கிட்டது இவ்வாறு: நாளொன்றுக்குப் பதினான்கு பாடல்கள் என்றால் 360 நாள்களில் நூல் முடியும். 2024 நெட்டாண்டாதலால் ஆறு நாள்கள் மிச்சமும் உண்டு. ஒரு விருத்தத்தை வாய்விட்டுப் படித்து, சந்தி பிரித்து, உரையைப் பார்த்து, மீண்டும் ஒருமுறை படிக்க நான்கு நிமிடம் என்று வைத்தால் பதினான்கிற்கு ஒரு மணி நேரத்திற்குள் ஆகும். தாளில் இக்கணக்கு மிக அழகாக இருந்தது.

நீர் நிறைந்த அறபு நாடு

தொடக்கத்தில் நாட்டுப் படலமும் நகரப் படலமும் வருகின்றன. அறபு நாட்டில் மழை பொழிகிறது, ஆறு பெருகுகிறது, உழவர் வயலில் இறங்கி நடுகின்றனர். ‘உமறுப்புலவர் அறபு நாட்டைத் தமிழ்நாடாகவே கண்டார்’ என்னும் ஒரு வரி விடையை நாம் எத்தனை முறை சொல்லி எழுதச் செய்திருப்போம்! சில ஆய்வாளர் இதனைப் புலவரின் குறையென்பர். அறபு மண்ணைக் காணாதவர் வேறு என்ன பாடுவார் என்று இரங்குவாரும் உளர்.

முழுநூலையும் வரிசையாகப் படிக்கும்போது இக்கருத்து நிலைக்கவில்லை. அதே காண்டத்தில் பின்னர், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வணிகக் கூட்டத்தாருடன் ஷாம் நாட்டை நோக்கிச் செல்லும் பயணம் விரிவாகப் பாடப்பெறுகிறது. சுரத்தில் புனலழைத்த படலத்தில் கூட்டம் வழி தவறுகிறது, நாவறண்டு தவிக்கிறது. மணலும் வெம்மையும் கானலும் அங்குப் பாடல் பாடலாக வருகின்றன. பாலையைப் புலவர் அறியாதவரல்லர். அதனைப் பாடத் தமிழ் மரபிலேயே அவருக்கு ஒரு திணை ஆயத்தமாக இருந்தது. பின் ஏன் நாட்டுப் படலத்தில் வயலும் வாய்க்காலும்? பெருங்காப்பியத்திற்கு மலை, கடல், நாடு, நகர், பருவம் முதலிய வருணனைகள் வேண்டுமெனத் தண்டியலங்காரம் விதிக்கிறது. அவ்விதியைக் கைக்கொண்டு, கம்பர் சென்ற வழியில் இவரும் சென்றார் என்பது ஒரு விடை. நமக்குத் தோன்றிய மற்றொன்றும் உண்டு. எட்டயபுரத்து அவைப் புலவராக விளங்கிய உமறு வாழ்ந்தது கரிசல் மண்ணில். மழைக்கு ஏங்கும் நிலத்திலிருந்து ஒருவர் நபிகள் பிறந்த நாட்டை வாழ்த்தப் புகுந்தால், அதற்கு முதலில் நீரைத்தானே வழங்குவார்? இதற்குச் சான்று கேட்டால் நம்மிடம் இல்லை. ஆயினும் தொகுப்புநூலில் பத்துப் பாடல்களைப் படித்தபோது இவ்வெண்ணம் எழுந்ததில்லை. நாட்டுப் படலத்து நீரின் ஈரம் நினைவில் இருக்கையில் சுரத்துக்குள் நுழைந்தபோதுதான் எழுந்தது.

தலைமுறைப் படலத்தைக் கடப்பதற்கு மிகவும் இடர்ப்பட்டோம். ஆதம் நபி முதல் வழிவழியாக வரும் பெயர்களே அதன் பொருள். கதை விரும்பி அதனைத் தாண்டிச் செல்லவே கை பரபரத்தது. ஆயின் ஒரு காலையில் வாய்விட்டுப் படித்தபோது, அதுவரை நாம் கருதாத பணியொன்றை அங்குப் புலவர் செய்துகொண்டிருப்பது தெரிந்தது. வடசொல் தமிழில் வந்து வழங்குமாற்றுக்கு இலக்கண நூலார் விதி வகுத்துள்ளனர். அறபுச் சொல்லுக்கு அத்தகைய விதி ஏதும் இல்லை. அஹ்மத் ‘அகுமது’ ஆகவும், உஹத் ‘உகுது’ ஆகவும், பத்ர் ‘பதுறு’ ஆகவும், உமர் ‘உமறு’ ஆகவும் அவர் வாயில் உருப்பெறுகின்றன. மெய்யில் முடியும் அறபுப் பெயர் உகரம் ஏற்று, அதன்பின் வரும் தமிழ்ச்சொல்லோடு இயல்பாகப் புணர்கிறது. எதுகையிலும் மோனையிலும் உடன்பிறந்தது போல அமர்கிறது. நம் வீட்டுப் பெயர்கள் தமிழ் யாப்பில் எவ்வாறு குடியேறின என்பதை அப்பெயர்ப் பட்டியலில் கண்கூடாகக் காணலாம். சலிப்பூட்டும் படலம் என்று நாம் ஒதுக்க நினைத்தது நம் பெயரின் வரலாறாகவே இருந்தது.

தொகுப்புகளில் காணாத வள்ளல்

தெரிந்தெடுத்த பாடல்களை மட்டும் படிப்பார் சந்திக்காத ஒருவரும் நூலில் இருக்கின்றார். அவர் அபுல் காசிம் மரைக்காயர். வள்ளல் சீதக்காதியின் ஆதரவில் தொடங்கிய நூல், அவர் மறைந்தபின் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயரின் துணையால் தொடர்ந்தது என்பது இலக்கிய வரலாறு கூறும் செய்தி. அதனை ஒரு மதிப்பெண் வினாவாகவே நாம் அறிந்திருந்தோம். நூலுக்குள் செல்லும்போதோ, கதை நடந்துகொண்டிருக்கையில் திடீரென ஓரிடத்தில் அவ்வள்ளல் உவமையாக வந்து நிற்கிறார். சில நாள் கழித்து வேறோரிடத்தில் மீண்டும் வருகிறார். கம்பர் சடையப்ப வள்ளலை நினைவுகூர்ந்ததாகக் கூறும் மரபு போன்றதே இதுவும். நாட்கணக்கில் நூலோடு நடப்பவர்க்கு, வழியில் மீண்டும் மீண்டும் எதிர்ப்படும் தெரிந்த முகமாக அவர் ஆகிவிடுகிறார்.

மற்றொருவரையும் சொல்ல வேண்டும். உமறுப்புலவர் பதினேழாம் நூற்றாண்டினர். அவர் நூல் நெடுங்காலம் ஏட்டிலேயே இருந்து, 1842-ஆம் ஆண்டில்தான் அச்சேறியது. அதனைப் பதிப்பித்தவர் ‘புலவர் நாயகம்’ எனப்பெறும் செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம். தாமே காப்பியங்கள் இயற்றிய அப்பெரும்புலவர், பிறரது காப்பியத்திற்காக ஏடுகளை ஒப்பிட்டு உழைத்தார். அவருக்குப் பின் சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் சீறாவுக்கு உரை கண்டார். பாடலின்கண் பொருள் புரியாது திகைத்த இரவுகளில் பாவலர் இல்லையேல் நாம் முதற்காண்டத்தையே தாண்டியிருக்க மாட்டோம்.

கணக்கு தவறியது

2024 மார்ச் 12 அன்று ரமலான் நோன்பு தொடங்கியபோது நாம் ஆயிரமாவது பாடலை நெருங்கியிருக்க வேண்டும். நின்றதோ ஏறத்தாழ 650-இல். தேர்வுப் பணி, உறவினர் திருமணம், நமது சோம்பல் ஆகிய மூன்றும் சேர்ந்து எஞ்சியதை விழுங்கியிருந்தன. நோன்பு மாதம் திருமறை ஓதலுக்கு உரியது. வணிகக் கூட்டம் பாலைவழியில் சென்றுகொண்டிருக்க, நூலை மூடி அலமாரியில் வைத்தோம். ஏப்ரல் 11 அன்று பெருநாள். மறுநாள் மீண்டும் எடுத்துக் கணக்கிட்டால், எஞ்சிய 264 நாள்களில் நாளொன்றுக்குப் பதினேழு பாடல்கள் வீதம் படித்தால்தான் இலக்கு கைகூடும்.

இங்குதான் நாம் தவறினோம். பதினேழு என்னும் எண் நம்மை ஆட்கொண்டது. பேருந்தில் ஐந்து, மதிய இடைவேளையில் நான்கு, படுக்கைக்கு முன் எட்டு எனப் படித்துத் தள்ளினோம். வாய்விட்டுப் படிப்பது நின்றது. பேருந்தில் அது இயலுமா? உரையைப் பார்ப்பதும் குறைந்தது. சூலைக்குள் இரண்டாம் காண்டத்தையும் தாண்டி, நூலின் பாதிக்கு மேற்பட்ட அளவினதாகிய ஹிஜ்ரத்துக் காண்டத்திற்குள் நுழைந்தோம். அங்குப் போர்கள் தொடர்ந்து வருகின்றன. அம்பும் வேலும் குதிரையும் குருதியும் பாடலுக்குப் பாடல் நிறைந்திருக்க, கண் வரியின்மேல் ஓடியதேயன்றி மனம் உடன் செல்லவில்லை. செப்டம்பரில் ஒரு ஞாயிறன்று நாற்பது பாடல்களை ஒரே அமர்வில் முடித்து, நாட்குறிப்பில் பெருமையுடன் குறித்தோம்.

சில நாள் கழித்து, இஷாத் தொழுகைக்குப் பின் உணவருந்தும்போது உம்மா கேட்டார்கள்: “ஹம்ஸா நாயகம் ஷஹீதான இடம் வந்துட்டுதா வாப்பா?”

உகுதுப் படலத்தை நாம் கடந்து மூன்று நாள் ஆகியிருந்தது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் சிறிய தந்தையார் ஹம்ஸா (ரலி) அவர்கள் அப்போரில் உயிர் துறந்ததைச் சிறு பிள்ளைகளும் அறிவர். அப்பாடல்களின்மேல் நம் கண்கள் சென்றிருந்தன. எண்ணிக்கையில் அவையும் சேர்ந்திருந்தன. அவற்றுள் ஒரு சொல்லேனும் நினைவில் இல்லை. உம்மாவுக்கு என்ன மறுமொழி கூறுவது? “வந்துட்டுதும்மா, நாளைக்குப் படிச்சுக் காட்டுறேன்” என்றோம்.

மறுநாள் உகுதுப் படலத்தை முதலிலிருந்து எடுத்தோம். உம்மா சாய்வு நாற்காலியில் அமர்ந்திருக்க வாய்விட்டுப் படித்தோம். உம்மா தமிழிலக்கியம் பயின்றவர்களல்லர். சொல்லுக்குச் சொல் அவர்களுக்கு விளங்கியிருக்காது. ஆயினும் மவ்லிது மஜ்லிசுகளிலும் பெரியவர்கள் வாய்மொழியிலும் கேட்ட வரலாறு உள்ளத்தில் இருந்தமையால், எந்தப் பாடலில் யார் வருகிறார் என்பதை நமக்கு முன்னரே அறிந்து தலையசைத்தார்கள். உரிய இடம் வந்தபோது முந்தானையால் கண்களைத் துடைத்துக்கொண்டார்கள். விருத்தம் செவிக்கென்று இயற்றப்பெற்றது. அவையில் படித்து அரங்கேற்றப்பெற்றது. இதனை யாப்பிலக்கண வகுப்பில் சொல்வது நம் வழக்கம்.

அன்றோடு பதினேழைக் கைவிட்டோம். அளவுப் பகுப்பு மனிதனை நாள்தோறும் நூலின்முன் கொண்டுவந்து உட்கார்த்தும். அமர்ந்தபின் எங்கே நிறுத்துவது என்பதைப் பொருள்தான் சொல்ல வேண்டும். திருமறைக்கு இருவகைப் பகுப்பும் இருப்பதன் வசதி இதுவெனத் தெளிந்தோம். அதன்பின் சிறு படலமாயின் ஒரே இரவில், பெரிதாயின் நிகழ்ச்சி முடியுமிடத்தில் நிறுத்தி, மறுநாள் தொடர்ந்தோம். இவ்வறைகூவலை மேற்கொள்ள விரும்பும் மாணவர்க்குச் சொல்லக்கூடியது இவ்வளவே: முதலில் சீர் பிரித்து ஒருமுறை உரக்கப் படியுங்கள், பொருள் தெரியாவிடினும் கவலை வேண்டா. பின்னர் சந்தி பிரித்து எழுதிப் பாருங்கள். அதன்பின் உரை. இறுதியில் மீண்டும் பாடல். கேட்க வீட்டில் ஒருவர் இருந்தால் உரையில் பாதி தேவைப்படாது.

செப்டம்பருக்கு முன் ஓடிக் கடந்த பகுதிகளுள் சிலவற்றையும் திரும்பப் படித்தோம். அவற்றுள் மான் படலமும் ஒன்று. வேடன் கையில் அகப்பட்ட பெண்மான், தன் கன்றுக்குப் பாலூட்டித் திரும்புவதாகச் சொல்கிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதற்குப் பிணை நிற்கிறார்கள். மான் கன்றுடன் திரும்புகிறது. தனியே நடத்தியபோது இதனை உயிரிரக்கம் என்னும் தலைப்பின்கீழ் அடக்கினோம். ஆனால் நுபுவ்வத்துக் காண்டத்தில் அதனைச் சுற்றி நிகழ்வனவற்றைப் பாருங்கள். ஈமான் கொண்டவர்களைக் குறைசியர் துன்புறுத்துகின்றனர். ஒரு கூட்டத்தார் ஊரைத் துறந்து அபிசீனியாவுக்குச் செல்ல நேர்கிறது. சொந்த உறவினரே நபிகளின் சொல்லை ஏற்க மறுக்கும் காலத்தில், காட்டு விலங்கொன்று அவர்கள் தந்த பிணைக்காக மரணத்தை நோக்கித் திரும்பி வருகிறது. அங்கு நடப்பது இரக்கம் மட்டுமன்று. சொல்லின்மேல் வைத்த நம்பிக்கையும் ஆகும். இத்தனை ஆண்டு நடத்திய பாடத்தை இவ்வாண்டு முதல் வேறு விதமாக நடத்துகிறோம்.

பாட்டியாரின் ஏடு

இரண்டாம் அறைகூவலைப் பற்றிச் சில சொற்கள். நம் உம்மாவின் தாயார் தமிழெழுத்து அறியாதவர்கள். வாக்குச் சாவடியிலும் பத்திரப் பதிவிலும் கைந்நாட்டே வைத்தார்கள். அரசுக் கணக்கில் அவர்கள் எழுத்தறிவற்றவர். ஆனால் மதியப் பொழுதில் மூக்குக்கண்ணாடி அணிந்து, மடியில் பலகை வைத்து, அவர்கள் ஒரு நூலை மெல்லப் படித்துக்கொண்டிருப்பதை நாம் கண்டிருக்கிறோம். அது தமிழ் நூல். எழுத்து மட்டும் அறபு. அறபு எழுத்தில் இல்லாத ப, ங, ட, ண, ழ முதலிய ஒலிகளுக்காக, உள்ள எழுத்துகளின் வடிவில் புள்ளிகளைக் கூட்டியும் மாற்றியும் நம் முன்னோர் ஆக்கிக்கொண்ட எழுத்துமுறை அது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்ற பேரறிஞர்கள் மார்க்கச் சட்ட நூல்களையே அம்முறையில் எழுதினர். மதரசாவில் ஓதக் கற்ற பெண், வேறு பள்ளிக்கூடம் செல்லாமலேயே தன் தாய்மொழியில் படிக்க அது வழி செய்தது.

பாட்டியாரின் நூலுக்கு முதல் தாளும் இறுதித் தாளும் இல்லை, பெயர் தெரியவில்லை. திருமறை ஓதத் தெரிந்த நமக்கு இது எளிதாக இருக்குமென்று எண்ணினோம். முதல் வரியைக் கூட்டிப் படிக்கக் கால்மணி நேரம் ஆயிற்று. அறபு எழுத்தைக் கண்டதும் நா அறபுச் சொல்லையே எதிர்பார்க்கிறது, வருவதோ தமிழ். எழுத்துக்கூட்டி ஒரு வழியாக வரியை முடித்து, முழுவதையும் சேர்த்து உரக்கச் சொன்னபோது திடுக்கிட்டோம். முகம் கழுவும்போது எந்தக் கையில் நீர் அள்ள வேண்டுமென்று யாரோ நம் வீட்டுப் பேச்சிலேயே சொல்லிக்கொண்டிருந்தனர். பாட்டியாரின் குரல் கேட்டது போலிருந்தது. ஓராண்டில் பதினொரு பக்கங்களே முடிந்தன. இந்த அறைகூவலிலும் நாம் தோற்றோம் என்றே கணக்கில் எழுத வேண்டும். பல இல்லங்களில் இத்தகைய நூல்கள் பரணில் கிடக்கின்றன. படிப்பார் இல்லையென்று எவரும் அவற்றைக் கடலிலோ கிணற்றிலோ சேர்த்துவிட வேண்டா. நம் துறைக்குக் கொண்டுவந்து தந்தால் பாதுகாப்போம்.

இறுதிப் படலம்

2024 டிசம்பர் 31 அன்று சீறா முடியவில்லை. 2025 சனவரி 23 இரவு, இருபத்து மூன்று நாள் பிந்தி, இறுதிப் பாடலைப் படித்தோம். முடியப் போகிறது என்று உம்மாவிடம் சொல்லியிருந்தமையால் இல்லத்தார் யாவரும் அமர்ந்திருந்தனர். பெருங்காப்பியம் நிறைவுறும்போது எதிர்பார்க்கத்தக்க வெற்றி விழாவோ மங்கலமோ அங்கு இல்லை. உறனிக் கூட்டத்தாரின் நிகழ்ச்சி முடிகிறது; நூலும் நின்றுவிடுகிறது. மக்கா வெற்றி இல்லை. இறுதி ஹஜ் இல்லை. நாயகம் (ஸல்) அவர்களின் மறைவும் இல்லை. “அப்புறம்?” என்று உம்மா கேட்டார்கள். அதன்பின் உள்ள வரலாற்றைப் பனீ அகுமது மரைக்காயர் ‘சின்னச் சீறா’வாகப் பாடினார் என்று சொன்னோம். “அப்ப நாளைக்கு அதை எடு” என்றார்கள். எடுத்திருக்கிறோம்; இம்முறை நாள் குறிக்கவில்லை.

வினா எழுப்பிய மாணவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2025 சனவரியில் அவர் மூன்றாமாண்டில் பயின்றுகொண்டிருந்தார். மூன்றாமாண்டுக்குப் பகுதி ஒன்று தமிழ் இல்லையாதலால் வகுப்பில் அவரைக் காணும் வாய்ப்பில்லை. தாழ்வாரத்தில் பலமுறை எதிர்ப்பட்டார், ஸலாம் சொன்னார், பதில் ஸலாம் சொல்லிக் கடந்தோம். நூலை முடித்துவிட்டோம், விளக்கமும் ஆயத்தமாக இருந்தது, எனினும் வாய் எழவில்லை. விடைபெறு விழாவில் வந்து நம் கைகளைப் பற்றிக்கொண்டு, “நீங்க நடத்தின மான் பாட்டு மறக்கவே மறக்காது ஐயா” என்றார். அன்றும் சொல்லவில்லை.

இம்மலர் முன்னாள் மாணவர்க்கும் அனுப்பப்பெறுகிறது. அவர் முகவரியும் பட்டியலில் உள்ளது. தம்பி, சீறாப்புராணம் மக்கா வெற்றியில் முடியவில்லை. உறனிக் கூட்டத்தார் படலத்தில் நிற்கிறது. அன்று நாம் சொன்னது பிழை. அவ்விடையை எழுதிய மற்ற நால்வரையும் கண்டால் அவர்களுக்கும் தெரிவித்துவிடுக.